பேழைக்குள் கிடக்கும் இசையரங்கு

1974ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் ஓர் இசையரங்கு நடைபெற்றது. சிதார் மேதை பண்டிட் ரவிசங்கர் திரட்டிய குழு அது. தபலாவில் அல்லா ரக்கா, சந்தூரில் சிவகுமார் சர்மா, குழலில் ஹரிபிரசாத் சௌராசியா, வயலினில் எல். சுப்பிரமணியம், மிருதங்கத்தில் டி.வி. கோபாலகிருஷ்ணன், வாய்ப்பாட்டில் லட்சுமி சங்கர் என, வடக்கும் தெற்கும் ஒரே மேடையில் அமர்ந்த அரிய நிகழ்வு. பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாரிசன் அதற்குப் புரவலர். இயக்குநர் ஸ்டூவர்ட் கூப்பர் அதைப் படமாக்கினார். அந்தப் படக்காட்சிகள் பொதுமக்களின் கண்ணுக்கு எட்டிய ஆண்டு 2010. ரவிசங்கர் 90 அகவை நிறைந்த அவ்வாண்டில் வெளிவந்த இசைத்தொகுப்பு ஒன்றில், ஒரு டிவிடியாக அவை சேர்ந்து வந்தன. இடைப்பட்டவை 36 ஆண்டுகள். அதற்குள் அல்லா ரக்கா 2000இலும் ஹாரிசன் 2001இலும் மறைந்துவிட்டார்கள். தாம் வாசித்ததை, தாம் பொருள் கொடுத்து நடத்தியதை, ஊரார் பார்த்து மகிழ்வதைக் காணும் பேறு அவர்களுக்கு வாய்க்கவில்லை.

ஆலங்குடியிலிருந்து எழுதுகிற நமக்கு ஆல்பர்ட் மண்டபத்தோடு என்ன உறவு என்று வாசகர் வினவலாம். உறவு உண்டு. இங்கிருந்து மேற்கே, புதுக்கோட்டையைக் கடந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் குடுமியான்மலை. அங்கே மேலைக்கோயில் குடைவரைக்கு அருகில், பாறைச் சரிவில், சுரக்கோவைகளைக் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டினது என்பர். மகேந்திரவர்ம பல்லவன் வெட்டுவித்தது என்பது நெடுநாளைய வழக்கு. அதை மறுப்பாரும் உளர். உருத்திராசாரியர் என்பவரின் மாணாக்கனாகிய மன்னன் ஒருவன் மாணாக்கர் நலன் கருதி இயற்றியது என்று அக்கல்வெட்டே சொல்லிக்கொள்கிறது. யார் வெட்டுவித்திருந்தாலும் அவன் எண்ணம் தெளிவு: தனக்குத் தெரிந்தது தன்னோடு போய்விடக் கூடாது, வழிப்போக்கனும் படிக்கத்தக்க இடத்தில் அது நிற்க வேண்டும். இன்றும் நிற்கிறது. எழுத்தைப் படித்துவிட முடிகிறது. அந்தச் சுரங்களை அன்று எவ்வாறு மீட்டினார்கள், எங்கே அசைத்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்பதில் மட்டும் அறிஞர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. எழுத்தால் முடிந்தது அவ்வளவே.

இதே புதுக்கோட்டைச் சீமையில்தான் மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவை இசையரங்கின் பக்கக் கருவியாக நிலைநாட்டினார். அவர் 1922இல் மறைந்தார். அவர்தம் மாணாக்கர் தட்சிணாமூர்த்தி பிள்ளை, மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் தென்னாடே வியந்த மேதை, 1936இல் மறைந்தார். தமிழில் பேசும் படம் வந்தது 1931இல். அந்த ஐந்தாண்டு இடைவெளியில் எவரேனும் ஒரு படக்கருவியை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தால், கஞ்சிராவின் உடும்புத்தோலில் அவர் விரல்கள் செய்த வேலையை இன்றைய மாணவன் பார்த்துப் பயின்றிருப்பான். எவரும் திருப்பி வைக்கவில்லை. பார்த்தவர் சொன்னதைக் கேட்டவர் சொல்ல, அதைக் கேட்டவர் நமக்குச் சொல்கிறார்கள். அதே மண்ணின் பாடகர், நடிகர் பி.யு. சின்னப்பா 1951இல் 35 வயதில் இறந்துபோனார். ஆயினும் அவர் நடித்த ‘ஜகதலப்பிரதாபன்’ வெளியான படம். பல படிகள் ஓடிய படம். ஆகவே இன்றும் அவர் பாடுவதைப் பார்க்கிறோம்.

படமே எடுக்கப்படாத இழப்புக்கு யாரையும் குறைகூற முடியாது, காலம் அப்படி. எடுத்த படத்தை எடுத்தபடியே பேழைக்குள் போட்டுப் பூட்டி, அது அழுகும்வரை காத்திருக்கும் இழப்பு வேறு வகையினது. அது மனிதர் செய்வது. அதைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

இவ்வகையில் உலகம் அறிந்த வழக்கு அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினுடையது. 1972 சனவரி 13, 14 ஆகிய இரு மாலைகளில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில், நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அவர் பக்திப்பாடல்கள் பாடினார். ‘சோல்’ இசையின் அரசியாக, மேடை அரசியாக உலகம் கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், தாம் சிறுமியாய்ப் பாடிப் பழகிய தேவாலய இசைக்கே அவர் திரும்பிய நிகழ்ச்சி. ஜேம்ஸ் கிளீவ்லேண்ட் என்ற போதகர் உடன் நின்று நடத்தினார். வார்னர் நிறுவனம் அதைப் படமாக்கும் பொறுப்பை இயக்குநர் சிட்னி பொல்லாக்கிடம் ஒப்படைத்தது. பல கருவிகள் ஓடின. ஏறத்தாழ 20 மணி நேரக் காட்சி சுருளில் ஏறியது.

ஒன்றை மட்டும் மறந்தார்கள். கிளாப் அடிக்கவில்லை. நம் ஊர்ச் சிறுவனும் அறிந்த சிறு பலகை. அக்காலத்தில் படம் ஒரு சுருளில் பதியும், ஒலி வேறொரு நாடாவில் பதியும். பலகை தட்டும் காட்சியையும் தட்டிய ஓசையையும் ஒன்றாய்ப் பொருத்தினால்தான் உதடும் பாட்டும் இணையும். கதைப்படம் எடுத்துப் பழகிய இயக்குநர், நிறுத்தாமல் ஓடும் வழிபாட்டின் நடுவே அந்தப் பலகையைக் கைவிட்டார். விளைவு, 20 மணி நேர உதட்டசைவு ஒருபுறம், இரண்டு மாலைப் பாட்டு மறுபுறம், இரண்டும் சேரவில்லை. வாய் பார்த்துச் சொல்லறிவோரையெல்லாம் அமர்த்திப் பார்த்தும் பயனில்லை என்று படம் கிடப்பில் போடப்பட்டது. ஒலியை மட்டும் அவ்வாண்டு சூன் திங்களில் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அது 20 இலட்சத்துக்கு மேல் விற்றது. பாட்டு ஊர் உலகமெல்லாம் போயிற்று. பாடியவரின் முகம் நிலவறையில் தங்கிற்று.

35 ஆண்டுகள் சென்றபின் ஆலன் எலியட் என்ற இசைத் தயாரிப்பாளர் அச்சுருள்களைப் பெற்றார். கணிப்பொறியின் துணையால் ஒலியும் ஒளியும் இணைந்தன. பொல்லாக் 2008இல் மறைந்துவிட்டார். தாம் எடுத்தது உருப்பெற்றதை அவர் காணவில்லை. படம் ஆயத்தமானபோது தடுத்தவர் பாடகியே. தம் இசைவு இன்றி வெளியிடலாகாது என்று 2011இல் வழக்குத் தொடுத்தார். 2015இல் டெல்யூரைடு படவிழாவில் திரையிட இருந்த நேரத்தில் நீதிமன்றத் தடை பெற்றார். 2018 ஆகத்து 16ஆம் நாள் அவர் காலமானார். அதே ஆண்டு நவம்பரில், உரிமைவழியினர் இசைவோடு, படம் நியூயார்க்கில் திரையேறியது.

அந்தப் படத்தில் ஓர் இடம். அரீத்தா பியானோ முன் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கிறார். விளக்குகளின் வெம்மையில் முகமெல்லாம் வியர்வை. முன்வரிசையில் இருந்த தந்தை, அவரும் பெயர்பெற்ற போதகர், எழுந்து வருகிறார். பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை, மகளின் முகத்தைத் துணியால் ஒற்றி எடுக்கிறார். மகள் பாட்டை விடவில்லை, கையைச் சுரப்பலகையிலிருந்து எடுக்கவும் இல்லை. 20 இலட்சம் இசைத்தட்டுகளில் எதிலும் இக்காட்சி இல்லை. இருக்கவும் முடியாது. இசை பற்றிப் பேசுவோர் ‘கேட்டால் போதாதா, பார்ப்பது எதற்கு’ என்று எளிதாய்க் கேட்பதுண்டு. நாதசுரக்காரர் சீவாளியை மாற்றும் நொடியைக்கூடக் கண்ணெடுக்காமல் பார்க்கும் நம் ஊர்ச் சுவைஞரிடம் அந்தக் கேள்வி எடுபடாது.

இங்கே நம் கருத்தை ஒளிக்க வேண்டுவதில்லை. உயிரோடிருந்தவரை வேண்டாம் என்று நீதிமன்றம் ஏறிய ஒருவரின் சொல்லை, அவர் மறைந்த மூன்று திங்களுக்குள் புரட்டிப்போட்டது நமக்கு உவப்பாயில்லை. உரிமைவழியினருக்குச் சட்டம் இடம் தந்தது, மெய்தான், விரைவு முறையன்று. அதே வேளையில், அச்சுருள் 1972இலேயே எரிந்திருந்தால் நன்று என்று அதைப் பார்த்தவர் ஒருவரும் சொல்லமாட்டார். இந்த இரண்டு உண்மைகளையும் ஒருங்கே பிடித்துக்கொண்டால்தான் இச்சிக்கல் பிடிபடும். காட்டுவது வேறு, காப்பது வேறு. எப்போது காட்டலாம், யாருக்குக் காட்டலாம், காட்டவே கூடாதா என்பதையெல்லாம் கலைஞர் முடிவு செய்யட்டும். வாழ்நாள் முழுதும் அவர் சொல்லே இறுதிச்சொல்லாக இருக்கட்டும். ஆனால் ஒரே படியாக இருக்கும் பதிவை அழியவிடும் உரிமை கலைஞருக்கும் இல்லை, இயக்குநருக்கும் இல்லை, பணம் போட்ட முதலாளிக்கும் இல்லை. காப்பதற்கு எவருடைய இசைவும் தேவைப்படலாகாது. நம் நாட்டில் இவ்விரண்டையும் ஒன்றாய்க் குழப்பிவிட்டதால், காட்ட மனமில்லாத பொருள் காப்பாரும் இல்லாமல் போகிறது.

விலைபோகாமல் கிடந்தவையும் உண்டு. 1969 கோடையில் நியூயார்க் ஹார்லம் பகுதியில் ஆறு ஞாயிறுகளில் நடந்த கறுப்பின இசைவிழாவை ஹால் டல்ச்சின் ஏறத்தாழ 40 மணி நேரம் பதிவுசெய்தார். வாங்குவார் இல்லை. 2017இல் அவர் இறந்தார். 2021இல் அது படமாகி, மறு ஆண்டு ஆஸ்கர் விருது பெற்றது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 1935இல் கல்கத்தாவில் பால சரசுவதியின் நாட்டியத்தைப் பார்த்தவர்களுள் 14 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். பெயர் சத்யஜித் ராய். வீணை தனம்மாளின் பேர்த்தியாகிய பாலாவுக்கு அப்போது அகவை 17. பாட்டும் அபிநயமும் ஓருடலில் குடிகொண்ட அந்தக் கலையைப் படமாக்கும் வாய்ப்பு அச்சிறுவனுக்குக் கிட்டியது 1976இல். பாலாவுக்கு அப்போது 58. இருபதுகளில், முப்பதுகளில், நாற்பதுகளில் அவர் ஆடியதை ராய் அளவுக்குப் பெரிய கலைஞர் எவரும் முறையாகப் படமெடுத்து வைக்கவில்லை. ராய்க்கும் அந்தக் குறை தெரியும். எடுக்காமல் விடுவதைவிடக் காலந்தாழ்த்தியேனும் எடுப்பது மேல் என்றே அவர் எண்ணினார். படத்தைத் தயாரித்தவை மும்பைத் தேசிய நிகழ்த்துகலை மையமும் தமிழ்நாடு அரசும். அதாவது நம் வரிப்பணமும் அதில் உண்டு. வெளிவந்த படந்தான். ஆனால் ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ பட்டுக்கோட்டையிலோ நாட்டியம் பயிலும் எந்தச் சிறுமிக்காவது அதை யாரேனும் போட்டுக் காட்டியதுண்டா? அரசு பணம் போட்ட படம் அரசுப் பள்ளிக்கு வராமற்போனால், அது வெளிவந்தது என்று சொல்வது வழக்கத்துக்குச் சொல்வதே.

இளையராஜாவின் செய்தி சற்று வேறு. 1993இல் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழு ஜான் ஸ்காட்டின் நடத்துகையில் வாசித்துப் பதிவான அவருடைய சிம்பொனி இன்றளவும் வெளியாகவில்லை. தமிழர் பெருமையாய்ப் பேசிப் பேசி, ஒரு தலைமுறையே கேட்காமல் வளர்ந்துவிட்டது. 2025 மார்ச்சு 8ஆம் நாள் அதே நகரில் ‘வேலியன்ட்’ என்ற தம் புதிய சிம்பொனியை அரங்கேற்றினார். முன்னையதை வெளியிடாதது ஏன் என்று அவரை வற்புறுத்துவது முறையன்று. இயற்றியவர் தம் படைப்பை நிறுத்தி வைப்பாரானால் அது அவருடைய செங்கோல். அந்த ஒலிநாடா நலமாக இருக்கிறதா என்று கேட்பது மட்டும் நமக்கு உரிய கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது? நம் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. திரைப்படத்துக்கு அது 60 ஆண்டுக் காப்பு அளிக்கிறது. எந்நாள் முதல் 60? படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கம் முதல். இதை வாசகர் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். வெளியான படம் 60 ஆண்டு சென்றபின் பொதுச்சொத்து ஆகிறது. வெளியாகாத படத்துக்கு அந்தக் கணக்கு தொடங்குவதே இல்லை. நாட்டுக்குக் கொடுத்தவன் உரிமைக்கு எல்லை வகுத்த சட்டம், பூட்டி வைத்தவன் உரிமைக்கு எல்லையே வைக்கவில்லை. இன்னொரு பக்கம் பாருங்கள். அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துகலைஞருக்கு அளிக்கும் உரிமை, நிகழ்ச்சி நடந்த ஆண்டின் மறு ஆண்டு தொடங்கி 50 ஆண்டில் தீர்ந்துவிடுகிறது. பாடியவரின் உரிமை அதோடு போய்விடும். அவரைப் படம் எடுத்தவரின் உரிமை, அவர் அதை வெளியிடாதவரை, போகவே போகாது. எடுத்தவர் என்று சொன்னோம். அதுவும் இயக்குநரைக் குறிக்காது. சட்டத்தின் கண்ணுக்குத் திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளரே. வெயிலில் நின்று ஒளி பார்த்தவருக்கு ஓர் அங்குலச் சுருளும் சொந்தமில்லை.

பழுதே நிறைந்த சட்டம் என்று தள்ளவும் முடியாது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சில நல்ல வாயில்களைத் திறந்தது. நிகழ்ச்சியில் தம் பெயர் வரவேண்டும் என்றும் அதைச் சிதைக்கலாகாது என்றும் கேட்கும் உரிமை கலைஞருக்குக் கிடைத்தது. வணிகமாய்ப் பயன்படுத்தினால் பங்குத்தொகை கேட்கலாம். 31அ பிரிவு இன்னும் பயனுள்ளது. படைத்தவர் இறந்துவிட்டார், அல்லது யாரெனத் தெரியவில்லை, அல்லது தேடியும் கிடைக்கவில்லை என்றால், வெளிவராத படைப்பை வெளியிட உரிமம் கோரி எவரும் முறையிடலாம். நாளிதழில் அறிவிப்புச் செய்து, குறித்த தொகையைக் கட்டினால் வழி பிறக்கும். 52ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவு, வணிக நோக்கில்லாத பொது நூலகம் தன்னிடமுள்ள படைப்பைக் காக்கும் பொருட்டு மின்வடிவில் சேமித்து வைப்பதை உரிமை மீறலாகக் கொள்ளாது. நாம் முன்பு சொன்னோமே, காப்பதற்கு எவருடைய இசைவும் தேவைப்படலாகாது என்று. அதற்கான விதை சட்டத்திலேயே கிடக்கிறது. விதைக்கும் கையைத்தான் காணோம். அச்சிட்ட நூலுக்கு 1954 முதல் தனிச்சட்டம் உண்டு. பதிப்பாளர் தம் செலவில் கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்குப் படி அனுப்பியாக வேண்டும். படச்சுருளுக்கு அப்படி ஒரு கடமை இன்றுவரை விதிக்கப்படவில்லை. கையடக்கக் கவிதைத் தொகுப்புக்கு உள்ள காப்பு, ஒரு மேதையின் கடைசி இசையரங்குக்கு இல்லை.

படச்சுருள் கல்வெட்டு அன்று. பழைய நைட்ரேட்டு சுருள் தானே தீப்பற்றும் தன்மையது. 2003 சனவரி 8ஆம் நாள் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தின் சுருள்கள் இருந்த கிடங்கில் மூண்ட தீ, இந்தியத் திரையின் தொடக்கக் காலத்துச் சுருள்கள் பலவற்றைக் கொண்டுபோயிற்று. அடுத்து வந்த அசிட்டேட்டு சுருளுக்குத் தீயச்சம் குறைவு. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது உள்ளிருந்தே புளிக்கத் தொடங்கும். தகரப்பெட்டியைத் திறந்ததும் காடியின் நெடி மூக்கைத் துளைத்தால், சுருள் சாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். சுருங்கும், நெளியும், பின் படக்கருவியின் பல்லில் ஏறாது. ஒரு பெட்டியின் நெடி பக்கத்துப் பெட்டியையும் கெடுக்கும். காந்த நாடாவுக்கோ பூஞ்சை எமன். குளிரூட்டிய உலர்ந்த அறை ஒன்றே இவற்றுக்கு மருந்து. புதுக்கோட்டைச் சீமையின் சித்திரை வெயிலும் ஐப்பசி ஈரமும் எத்தகையவை என்று நாம் சொல்லத் தேவையில்லை. பல படிகள் ஊரெங்கும் ஓடிய தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’, டி.பி. ராஜலட்சுமி பாடி நடித்த அதன் ஒரு படிகூட இன்று நம்மிடம் இல்லை. பலவாக இருந்ததற்கே இக்கதி என்றால், ஒன்றாகவே இருப்பதன் கதியை எண்ணிக்கொள்ளலாம்.

நல்ல முன்மாதிரியும் ஒன்று உண்டு. ஆர்னால்டு பேக் என்ற டச்சு அறிஞர் 1938இல் தென்னாடு வந்து, கிராமங்களில் பாட்டையும் கூத்தையும் ஒலியாகவும் ஊமைப்படமாகவும் பதிந்துகொண்டு போனார். 1984இல் இசை ஆய்வாளர்கள் நசீர் ஜைராஸ்பாயும் எமி கேட்லினும் அப்பதிவுகளின் படிகளை எடுத்துக்கொண்டு, தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என்று அவர் போன ஊர்களுக்கே திரும்பிப் போனார்கள். அவர் அன்று பதிந்த கலைகள் இன்று எப்படி இருக்கின்றன என்று கேட்டு மறுபதிவு செய்தார்கள். அதே ஜைராஸ்பாய் 1982இல் தொடங்கிய இனவரைவிசை ஆவணக்காப்பகம் இன்று குருகிராமில் இயங்குகிறது. பதிவு எடுத்தவர் ஒரு படியை அங்கே ஒப்படைக்கலாம். உரிமை அவரிடமே நிற்கும். யார் கேட்கலாம், யார் படியெடுக்கலாம் என்ற கட்டுப்பாட்டையும் அவரே எழுதிக் கொடுக்கலாம். பூட்டும் இருக்கும், பொருளும் இருக்கும். இதைப் போன்ற ஏற்பாடு ஒன்றைத் தமிழ்நாட்டில், இயல் இசை நாடக மன்றமோ இசை, கவின்கலைப் பல்கலைக்கழகமோ ஏற்று நடத்துவதற்கு எந்த மலையையும் புரட்ட வேண்டியதில்லை.

பெரியோர் கதையே பேசிக்கொண்டிருந்தால் உள்ளூர் இழப்பு மறந்துபோகும். கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில், பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் மாசிமகத்தன்று வானளாவிய குதிரைச் சிலைக்குக் காகிதப்பூ மாலைகள் வந்து குவியும். அதைப்போல் இவ்வட்டாரத்துக் கோயில் ஒவ்வொன்றுக்கும் ஒரு திருவிழா, அத்திருவிழாவுக்கு ஓர் இரவு நாடகம். வள்ளி திருமணமோ அரிச்சந்திர மயான காண்டமோ, பத்து மணிக்கு ஆர்மோனியக்காரர் சுதி கூட்டினால் விடியும்வரை ஓடும். வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் எந்த ஏட்டிலும் கிடையாது. நாரதராய் வரும் நடிகரும் எதிர்நிற்கும் பெண் நடிகரும் அந்த மேடையில் அந்த நேரத்தில் கட்டுவது அது. ஒருவர் எடுத்த அடியை மற்றவர் மடக்குவார்; பின்பாட்டுக்காரர் சந்தம் தாங்குவார்; நடுவில் பபூன் புகுந்து நாட்டு நடப்பைப் பிடித்து இழுப்பார். நேற்று நார்த்தாமலையில் பேசியது இன்று வடகாட்டில் வராது. அச்சுப்படி இல்லாத இலக்கியம் இது. 1980களின் கடைசி முதல் இதை வீடியோ எடுக்கும் வழக்கம் இப்பக்கத்தில் பரவிற்று. விழாக்குழு பணம் கொடுக்கும், ஸ்டுடியோக்காரர் எடுப்பார், ஓர் இரவு நாடகம் மூன்று கேசட்டில் அடங்கும். மறுவாரம் டெக் வாடகைக்கு எடுத்து ஊரே கூடிப் பார்க்கும். பிறகு அந்தக் கேசட் விழாக்குழுத் தலைவர் வீட்டுப் பரணுக்குப் போகும். ஸ்டுடியோவில் தங்கிய மூலப்படியின் மேல் அடுத்த வைகாசியில் ஒரு கலியாணம் ஏறிவிடும். நாடா விலை அப்படி. ஸ்டுடியோக்காரரைப் பழிக்க நாம் முன்வரோம்.

இவற்றில் பாடிய பலர் இன்று இல்லை. பத்து மாவட்டங்களில் பெயர்பெற்ற ஆர்மோனியக்காரர்களும், தவில் மேதைகளும், நாதசுரக்காரர்களும் அந்த நாடாக்களில் மட்டுமே அசைகிறார்கள். உலகப்புகழ் அவர்களுக்கு வாய்க்காதிருக்கலாம். வார்னர் நிறுவனம் வரவில்லை, சத்யஜித் ராய் வரவில்லை. ஆலங்குடி கடைத்தெருவின் ஒரு வீடியோக்காரர் வந்தார். அதனால் அப்பதிவின் மதிப்புக் குறைந்துவிடாது. உரிமை யாருடையது என்ற கேள்வி இங்கும் எழும். பணம் கொடுத்தது விழாக்குழு; எடுத்தது ஸ்டுடியோ; பாடியவரிடம் ஒருவரும் இசைவு கேட்டதில்லை. வலையில் ஏற்றிக் காசு பார்ப்போர் அக்கலைஞரின் குடும்பத்தைத் தேடிப் பெயரும் பங்கும் தரக் கடமைப்பட்டவர்கள். காத்து வைப்போருக்கு அந்தத் தடை இல்லை.

நடுவண் அரசு செய்ய வேண்டியது ஒன்றே: வெளியாகாத படத்துக்கும் எடுத்த ஆண்டிலிருந்தே 60 ஆண்டுக் கணக்கைத் தொடங்குமாறு சட்டத்தைத் திருத்துவது. இலக்கிய ஆசிரியருக்கும் இசையமைத்தவருக்கும் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டு என்ற எல்லை இருக்கும்போது, பேழை வைத்திருப்பவருக்கு மட்டும் ஊழிக்காலம் எதற்கு? மாநில அரசு செய்ய வேண்டியது, மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும் ஒரு குளிர்ந்த உலர் அறையும் ஒரு டெக்கும் அதை இயக்கத் தெரிந்த ஓர் ஆளும். புதுக்கோட்டைக்கு இதை எடுத்துச் சொல்ல எவரும் தயங்க வேண்டியதில்லை. 1910 முதல் அருங்காட்சியகம் நடத்திவரும் ஊர் அது. தனிமனித முயற்சியால் ஞானாலயா நூலகம் பல்லாயிரம் அரிய நூல்களைக் காத்துவரும் ஊர் அது. நூலுக்குக் கிடைத்த இடம் நாடாவுக்கும் கிடைக்க வேண்டும்.

வாசகர்க்கு நம் வேண்டுகோள் இது. பரணில் கேசட் இருந்தால் இறக்குங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம். நாடாவில் வெண்மை படர்ந்திருந்தால் டெக்கில் போட்டு ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். ஒருமுறை ஓட்டினால் மீண்டும் ஓட்ட ஒன்றும் மிஞ்சாது. எந்த ஊர்த் திருவிழா, எந்த ஆண்டு, யார் பாடினார், யார் வாசித்தார் என்பதைத் தெரிந்த முதியவரிடம் இன்றே கேட்டு உறையின்மேல் எழுதுங்கள். கலைஞர் உயிரோடிருந்தால் அவரிடமும், இல்லையேல் அவர் மக்களிடமும் ஒரு சொல் சொல்லுங்கள். பிறகு புதுக்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குக் கொண்டுபோய், ஏற்றுக்கொண்டு காக்குமாறு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது. மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேட்டு வாங்கி நமக்கு அனுப்புங்கள். ஒரு சொல்லும் விடாமல் இப்பக்கத்தில் அச்சிடுவோம்.